பிரமிடு போட்ட அட்டையும் பச்சைக் கீரை ஜூஸும்: வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன இதழ்ல இயற்கை வைத்தியப் புத்தகங்களைப் பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதிட்டேன், அவ்ளோதான், கேள்வியா வந்து குவிஞ்சிருச்சு. அதுல பாதி மாயன்களைப் பத்தி, அதான் மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்துப் பழைய நாகரிகக்காரங்க. எல்லார் வீட்லயும் ஒரு புக் இருக்கு போல, அட்டையில பிரமிடு, உள்ள மூலிகை, கடைசி அத்தியாயத்துல எக்சர்சைஸ். சரி, இந்த வாட்டி அதையே பேசிருவோம்.

*

அக்கா, நான் வாங்குன மூலிகைப் புத்தகத்துல சாயா கீரை மாயன்களோட அமுதம்னு போட்டு, பச்சை இலையை மிக்ஸில அடிச்சு வெறும் வயித்துல குடிக்கச் சொல்லியிருக்கு. மாடித்தோட்டத்துல செடி நல்லா வந்திருக்கு. வீட்டுக்காரர் வேண்டவே வேண்டாங்கறார். யார் சொல்றது சரி?
– வாசகி, ஈரோடு

உங்க வீட்டுக்காரர் சொல்றதுதான் சரிம்மா, இந்த ஒரு விஷயத்துல மட்டும்.

சாயா நிஜமாவே மாயன் ஊர்க் கீரைதான், அதுல பொய் இல்ல. மெக்சிகோவோட யுகாட்டான் பக்கம் வேலியோரமா வளரும், முட்டை போட்டுப் பொரிப்பாங்க, மக்காச்சோள மாவுல சேர்த்து அவிப்பாங்க. புரதம், கால்சியம், இரும்புச்சத்து எல்லாம் நல்லாவே இருக்கு. ஆனா அது மரவள்ளிக் குடும்பம். நீங்க ஈரோட்டுக்காரங்க, மரவள்ளி இலையை மேஞ்ச ஆடு வயிறு உப்பி விழுந்த கதையை நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல, அதே சயனைடு சமாச்சாரம்தான் இந்த இலையிலயும் இருக்கு, பச்சையா அரைக்கும்போதுதான் அது நல்லா வெளிய வரும், அப்ப மிக்ஸில அடிச்சு வெறும் வயித்துல குடிங்கன்னு எழுதுனவர் செடியைக் கண்ணால பார்த்திருக்காரான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு. யுகாட்டான்ல அதை வேக வெச்சுத்தான் சாப்பிடுவாங்க.

நானும் ஒரு குச்சி வாங்கி நட்டு வெச்சிருக்கேன். பறிக்கறப்ப கையில பாலிதீன் கவர் மாட்டிக்குவேன், சில செடியில சுனை இருக்கும், அரிக்கும். கழுவி நறுக்கி எவர்சில்வர் பாத்திரத்துல நிறையத் தண்ணி ஊத்தி, மூடி போடாம 20 நிமிஷம் கொதிக்க விடுவேன், விஷம் ஆவியா போயிரும், அந்த ஆவியில முகத்தைக் காட்டிட்டு நிக்கக் கூடாது. தண்ணியை வடிச்சுக் கொட்டிட்டு, அப்புறம் பாசிப்பருப்பு போட்டு கூட்டு. அலுமினியப் பாத்திரம் மட்டும் வேண்டாம். இவ்ளோ வெந்ததுக்கு அப்புறமும் குழையாது, நம்ம முருங்கைக்கீரைக்கும் பசலைக்கும் நடுவுல ஒரு ருசி. செடியை வெட்டிப் போட்ராதீங்க, அந்தப் பக்கத்தை மட்டும் கிழிச்சிருங்க.

*

நம்ம சித்தர் ஓலைச்சுவடி மாதிரி மாயன்களுக்கு ஒரிஜினல் மருத்துவச் சுவடி இருக்கா? "5000 வருட மாயன் சுவடியிலிருந்து"ன்னு ஒரு புத்தகத்துல போட்டிருக்கு.
– ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

சார், சரஸ்வதி மகால் இருக்கற ஊர்ல இருந்துட்டு நீங்க இதைக் கேக்கறதே பொருத்தம்தான்.

மாயன்கள் அத்திக் குடும்பத்து மரப்பட்டையை அடிச்சுத் தாளாக்கி, சுண்ணாம்பு பூசி, விசிறி மாதிரி மடிச்சு எழுதுனவங்க. 1562 ஜூலை 12ஆம் தேதி யுகாட்டான்ல மானிங்கற ஊர்ல தியேகோ தே லாண்டான்னு ஒரு ஸ்பானியப் பாதிரியார் கிடைச்ச சுவடிங்களை எல்லாம் குவிச்சு எரிச்சாரு. எல்லாம் சாத்தானோட பொய்யி, அதனால எரிச்சோம், அதைப் பார்த்து ஜனங்க ரொம்ப வருத்தப்பட்டாங்கன்னு அவரே எழுதியும் வெச்சிருக்காரு. இன்னிக்கு உலகத்துல மிச்சம் இருக்கறது நாலே நாலு. டிரெஸ்டன்ல ஒண்ணு, மாட்ரிட்ல ஒண்ணு, பாரிஸ்ல ஒண்ணு, மெக்சிகோவுல ஒண்ணு. நாலுல எதுவும் 5000 வருஷப் பழசு கிடையாது, 1000 வருஷத்தைத் தொட்டாலே பெருசு. உள்ள இருக்கறதும் நம்ம பஞ்சாங்கம் மாதிரிதான், சுக்கிரன் எப்ப தெரியும், கிரகணம் எப்ப வரலாம், எந்த நாள் எதுக்கு ஆகும் ஆகாது. மாட்ரிட் சுவடியில தேனீ வளர்ப்புக்கே தனியா பக்கங்கள் இருக்கு, கொட்டாத தேனீ, நம்ம ஊர் கொசுத்தேனீயோட சொந்தக்காரி. கஷாயம் காய்ச்சற செய்முறை எதுலயும் இல்ல.

வைத்தியம்னு எழுத்துல கிடைக்கறது பின்னாடி வந்தது. மாயன் மொழியையே ஸ்பானிய எழுத்துல எழுதி வெச்ச காலம் ஒண்ணு உண்டு, அதுல வந்த பக்காப் மந்திரச் சுவடியில நோய்க்கு ஓதற பாட்டும் மந்திரமும் இருக்கு, கூடவே கொஞ்சம் மூலிகை. இன்னொரு குழப்பமும் இருக்கு சார். மூலிகைப் படம் கலர் கலரா வரைஞ்ச ஒரு 1552ஆம் வருஷச் சுவடியை மாயன் சுவடின்னு நிறைய பேர் அச்சடிக்கறாங்க, அது மெக்சிகோவுல இருந்த வேற ஒரு ஜனமான ஆஸ்டெக்குகளோடது, மார்ட்டின் தே லா குரூஸ்ங்கற வைத்தியர் சொல்ல ஹுவான் பாதியானோ லத்தீன்ல எழுதுனது. ரொம்ப காலம் வாட்டிகன்ல இருந்துச்சு, 1990ல போப் மெக்சிகோவுக்கே திருப்பிக் குடுத்தாரு. உங்க புக் அட்டையில நடுவுல நாக்கை நீட்டிட்டு ஒரு மூஞ்சி, சுத்தி வட்டம் வட்டமா கல் இருக்கான்னு பாருங்க. அதுவும் ஆஸ்டெக் கல்லுதான். 1790ல மெக்சிகோ நகரத்துச் சதுக்கத்துல தோண்டுனப்ப கிடைச்சது. அட்டையிலயே ஊர் மாறிப்போச்சுன்னா உள்ள என்ன இருக்கும்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

*

மயன்தான் மாயன், அவங்க தமிழங்கதான்னு எங்க தாத்தா அடிச்சுச் சொல்றாரு. உண்மையா?
– கல்லூரி மாணவி, காரைக்குடி

தாத்தாவை மட்டும் குத்தம் சொல்லாதம்மா, பெரிய பெரிய ஸ்தபதிங்களே இதைச் சொல்லியிருக்காங்க. நம்ம மயன் இருக்காரு, இல்லன்னு யார் சொன்னா, சிலப்பதிகாரத்துல கோவலனும் கண்ணகியும் இருந்த கட்டிலே "மயன் விதித்தன்ன மணிக்கால் அமளி"தான். ஆனா அந்த ஊர்க்காரங்க தங்களை மொத்தமா மாயன்னு கூப்பிட்டுக்கிட்டதே இல்ல, அவங்கவங்க நகரத்துப் பேருதான், திக்கால்காரன் திக்கால்காரன், கோபான்காரன் கோபான்காரன், மாயப்பான்னு கடைசிக் காலத்து நகரம் ஒண்ணு இருந்துச்சு, அது சார்ந்து வந்த பேரை ஸ்பானியர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒட்டிட்டாங்க. அதோட 1952ல யூரி க்னோரோசோவ்னு ஒரு ரஷ்யர் அந்த எழுத்தைப் படிக்க வழி கண்டுபிடிச்சிட்டாரு, அதுக்குச் சாவி எதுல கிடைச்சுது தெரியுமா, சுவடியை எரிச்ச அதே லாண்டா எழுதி வெச்ச குறிப்புல! படிச்சுப் பார்த்தா உள்ள இருக்கறது மாயன் மொழி. அந்தக் குடும்பத்துல இன்னிக்கும் 30 மொழி வரைக்கும் பேசறாங்க, குவாத்தமாலா பஸ்ல ஏறுனா காதுல விழும். தாத்தாகிட்ட மெதுவா சொல்லு.

*

அக்கா வணக்கம், ஜிம்முக்குப் போறேன். மாயன் வாரியர் ஃபிட்னஸ்னு ஒரு புக்ல 21 நாள் வெறும் மக்காச்சோளம் மட்டும் சாப்பிட்டா உடம்பு இரும்பாகும்னு இருக்கு, மாயன் பந்தாட்ட எக்சர்சைஸும் குடுத்திருக்காங்க. ட்ரை பண்ணலாமா?
– தம்பி, கோயம்புத்தூர்

இரும்பாகுமா துரும்பாகுமான்னு கேளு தம்பி.

மாயன்களுக்கு மக்காச்சோளம் சாமி மாதிரி. கிச்சே மாயன்களோட போபோல் வூ கதையில சாமி மனுசனை மண்ணுல செஞ்சு பார்த்தா கரைஞ்சு போவான், மரத்துல செஞ்சா புத்தி இருக்காது, கடைசியில சோளமாவுல பிசைஞ்சவன்தான் ஆளா நிப்பான். ஆனா அவங்க சோளத்தை அப்படியே திங்கல. ராத்திரி சுண்ணாம்பு கலந்த தண்ணியில வேகவெச்சு ஊறப்போட்டு, காலைல தோலைத் தேய்ச்சுக் கழுவி, அதுக்கப்புறம்தான் அரைப்பாங்க. நம்ம கடலோரத்துல கிளிஞ்சல் சுட்டு சுண்ணாம்பு எடுக்கற மாதிரி லக்கண்டோன் காட்டு மாயன்கள் ஆத்து நத்தை ஓட்டைச் சுட்டு எடுப்பாங்க. ஏன் இந்தப் பாடுன்னா, சோளத்துல நியாசின்னு ஒரு வைட்டமின் பூட்டிக் கிடக்கு, சுண்ணாம்புதான் அதோட சாவி, கூடவே கால்சியமும் சேரும். நியாசின்ங்கற பேரு அவங்களுக்கு எங்க தெரியும், ஆனா அம்மா செஞ்சா, பாட்டி செஞ்சா, அதனால இவளும் செஞ்சா.

ஸ்பானியர்கள் சோளத்தைக் கப்பல்ல ஏத்திட்டுப் போனாங்க, சுண்ணாம்பை விட்டுட்டுப் போயிட்டாங்க. 1735ல ஸ்பெயின்ல காஸ்பர் காசால்னு ஒரு டாக்டர் ஏழை விவசாயிங்ககிட்ட ஒரு நோயைப் பார்த்தாரு, வெயில் படற இடமெல்லாம் தோல் கருத்து உரிஞ்சு, கழுத்தைச் சுத்தி மாலை போட்ட மாதிரி புண்ணு, அப்புறம் பேதி, அப்புறம் சித்தபிரமை, சாவு. பெலாக்ரா. இத்தாலியில, அப்புறம் அமெரிக்காவோட தெற்குப் பக்கம்னு சோளமே கதின்னு கிடந்த ஜனங்க ஆயிரக்கணக்குல செத்தாங்க. தொத்துநோய்னு எல்லாரும் நினைச்சப்போ 1914ல இருந்து ஜோசப் கோல்ட்பெர்கர்னு ஒரு டாக்டர் ஊர் ஊரா அலைஞ்சு, இல்லப்பா சாப்பாட்டுக் குறைன்னு நிரூபிக்கப் பட்ட பாடு தனிக் கதை.

21 நாள்ல உனக்கு பெலாக்ரா வந்துடாது, பயப்படாத, ஆனா ஜிம்முக்குப் போற பையன் பருப்பும் முட்டையும் இல்லாம வெறும் சோளம் தின்னா சதை எங்க இருந்து வரும்? மாயன்களே அவரை, பூசணி விதை, மிளகாய், வான்கோழின்னு சேர்த்துத்தான் சாப்பிட்டாங்க. ஆர்வக்கோளாறுல வெள்ளையடிக்கற சுண்ணாம்பைக் குக்கர்ல போட்டு வெக்காத, சொல்லிட்டேன்.

அந்தப் பந்தாட்டத்துக்குக் கெட்டி ரப்பர் பந்து, கிலோக்கணக்குல வெயிட்டு, கையில தொடக்கூடாது, இடுப்பால அடிக்கணும். அதுக்கு எப்படிப் பயிற்சி எடுத்தாங்கன்னு ஒரு சுவடியும் மிஞ்சல, உன் புக்ல இருக்கறது புஷ் அப்புக்கு மாயன் பேரு. உண்மையான மாயன் ஒர்க் அவுட் வேணும்னா அவங்க வீட்டுப் பொம்பளைங்களைப் பார்த்திருக்கணும், கல்லு முன்னாடி முட்டி போட்டு உக்காந்து மணிக்கணக்குல சோளம் அரைப்பாங்க, நம்ம அம்மி மாதிரியே ஆனா சரிவா இருக்கும். உங்க பாட்டியோட தோளைக் கேளு.

*

பேர் போடாதீங்க அக்கா. எங்க வீட்ல ஒருத்தர் புத்தகம் பார்த்து ஆடுதீண்டாப்பாளை பொடி மூணு மாசமா சாப்பிடறாங்க, "மாயன்களும் சித்தர்களும் ஒரே செடியைக் கண்டார்கள்"னு அதுல இருக்கு. பயமா இருக்கு.
– வாசகி, ஊர் வேண்டாம்னு எழுதியிருக்காங்க

உங்க பயம் நியாயமானது, இதுல நான் விளையாட்டா பேசப் போறதில்ல. இன்னிக்கே நிறுத்தச் சொல்லிட்டு, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ரத்தத்துல கிரியாட்டினின் பாருங்க, கிட்னி எப்படி இருக்குன்னு அதுல தெரியும், யூரின் டெஸ்ட்டும் எடுங்க, பொடியோட பேரைச் சொல்ல மறந்துராதீங்க.

அந்தப் புத்தகம் சொல்றது பாதி உண்மை. ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அரிஸ்டோலோக்கியா இனம், அதே இனத்துல இன்னொரு கொடியை மாயன்கள் இருக்கற பெலிஸ் நாட்டுல கான்ட்ரிபோங்கற பேர்ல சாராயத்துல ஊறப்போட்டுக் குடிக்கறாங்க, பாம்புக்கடிக்கும் ரெண்டு பக்கமும் இந்த இனத்தைத்தான் நம்பியிருக்காங்க. ஆனா இந்த இனத்துல அரிஸ்டோலோக்கிக் அமிலம்னு ஒண்ணு இருக்கு, அது கிட்னியைக் கெடுக்கும், புற்றுநோயும் வர வைக்கும். 1990கள்ல பெல்ஜியத்துல உடம்பு இளைக்கக் குடுத்த மூலிகை மாத்திரையில இந்தச் செடி கலந்து போயி 100க்கும் மேல பொம்பளைங்களுக்கு கிட்னி போச்சு. இத்தனை நூறு வருஷம் சாப்பிட்டவங்களுக்குத் தெரியாதான்னு கேப்பாங்க. எப்படித் தெரியும்? பேதி ஆனா அன்னிக்கே தெரியும், கிட்னி சுருங்கறது மாசக்கணக்கு வருஷக்கணக்கு கழிச்சுத்தான் தெரியும், அதுக்குள்ள அந்தக் கஷாயத்தை யார் ஞாபகம் வெச்சிருப்பாங்க. ஆடு ஏன் தீண்டலன்னு அந்தப் பேரே சொல்லுது.

*

செரிமோனியல் மாயன் கக்காவ்னு பவுடர் விக்கறாங்க, அரைக்கிலோ விலை கேட்டு மயக்கம் வந்துருச்சு. வொர்த்தா?
– வாசகி, சென்னை

பொள்ளாச்சி தென்னந்தோப்புல ஊடுபயிரா விளையற கொக்கோவும் அதே மரம்தாம்மா. மாயன்கள் அதை அரைச்சுத் தண்ணியில கலக்கி, சர்க்கரை இல்லாம, சில சமயம் மிளகாய் போட்டுக் குடிச்சாங்க. 8ஆம் நூற்றாண்டு மாயன் குவளை ஒண்ணு அமெரிக்காவுல பிரின்ஸ்டன் மியூசியத்துல இருக்கு, அதுல ஒரு பொண்ணு நின்னுக்கிட்டு ஒரு பாத்திரத்தை ஒசத்திப் பிடிச்சு கீழ இருக்கற பாத்திரத்துல நுரை வர ஊத்தறா. அப்படியே நம்ம டீ மாஸ்டர். சர்க்கரை போடாத கொக்கோ பவுடர் வாங்கி நாலு ஆத்து ஆத்துங்க, செரிமனி முடிஞ்சது.

*

அப்ப எந்த புக்கைத்தான் வாங்கறது?
– பல பேர்

மாயன் வைத்தியம்னா பெலிஸ்ல சான் அந்தோனியோ கிராமத்துல எலிஹியோ பான்ட்டின்னு ஒரு பெரியவர் இருந்தாரு, 1996ல காலமாகறப்ப 100 வயசைத் தாண்டுனவர். அவர்கிட்ட ரோசிட்டா ஆர்விகோன்னு ஒரு அமெரிக்கப் பொண்ணு வருஷக்கணக்குல சிஷ்யையா இருந்து கத்துக்கிட்டு, நியூயார்க் தாவரவியல் பூங்காவோட மைக்கேல் பாலிக்கோட சேர்ந்து 1993ல பெலிஸ் மூலிகைகள் நூறைப் பத்தி ஒரு புத்தகம் போட்டாங்க. இங்கிலீஷ்தான், ஆனா ஆள் யாரு, ஊர் எது, செடி எதுன்னு அதுல இருக்கும்.

தமிழ்ல எதை எடுத்தாலும் கடையில நின்னு ஏதாவது ஒரு செடிப் பக்கத்தைப் பிரிங்க. தாவரவியல் பேர் இருக்கா, இலையா வேரா, எவ்ளோ, எத்தனை நாள், எப்படிப் பக்குவம் பண்றது, கர்ப்பிணிக்கு ஆகுமா, சுகர் மாத்திரை போடறவங்களுக்கு ஆகுமான்னு பாருங்க. பக்குவத்தை விட்டுட்டு பலனை மட்டும் பக்கம் பக்கமா எழுதியிருந்தா அங்கயே வெச்சிட்டு வாங்க.

*

2012ல உலகம் அழியும்னு பயந்து வாங்குன மாயன் காலண்டர் புக் இன்னும் பரண்ல இருக்கு, என்ன பண்றது?
– வாசகர், திருநெல்வேலி

அண்ணாச்சி, 2012 டிசம்பர் 21 அன்னிக்கு மாயன் காலண்டர்ல 1,44,000 நாள் கொண்ட பக்தூன்ங்கற காலக்கணக்குல பதிமூணு முடிஞ்சுது, அவ்ளோதான், பைக் மீட்டர்ல எல்லா நம்பரும் சுத்தி சைபருக்கு வர்ற மாதிரி. அடுத்த பக்தூன் 2407 மார்ச்ல முடியும். அதுவரைக்கும் பரண் தாங்காது, எடைக்குப் போட்ருங்க.