ஹைஸ்கூல் பசங்கள வச்சு சோகமா முடியற நாடகம் போடலாமா?

கேள்வி கேட்டவங்க புதுசா வேலைக்கு சேந்த டீச்சர்னு நினைக்கறேன். ஆண்டு விழாவுக்கு ஒம்பதாவது பத்தாவது பிள்ளைங்கள வச்சு சோகமா முடியற பழைய கதை ஒண்ண போடலாமா, அவங்க மனசு பாதிக்குமா, ஹெச்எம் வேற "நல்ல நாளும் அதுவுமா மேடையில சாவு எதுக்கு"ன்னு கேக்கறார்னு எழுதியிருக்கீங்க. போடலாம். தாராளமா போடுங்க. எதை வச்சு இவ்ளோ அடிச்சு சொல்றேன்னா, செஞ்சி பக்கம் ஒரு அரசு பள்ளியில தமிழ் டீச்சரா இருந்தப்போ சிலப்பதிகாரத்தோட வழக்குரை காதைய (கண்ணகி பாண்டியன் சபையில நியாயம் கேக்கற பகுதி) பத்தாவது பிள்ளைங்கள வச்சு போட்டேன், என் சர்வீஸ்ல நான் பெருமையா சொல்லிக்கற விஷயம்னா அதுதான்.

சிலப்பதிகாரம்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்னு தெரியும். மாறுவேடப் போட்டியில தலைய விரிச்சு போட்டு கையில சிலம்போட "தேரா மன்னா"ன்னு கத்தற குழந்தை. எல்லா ஸ்கூல்லயும் இதான் நடக்குது. என் பிள்ளைங்களும் முதல்ல அப்படித்தான் வந்தாங்க. யூட்யூப்ல 1964ல வந்த பூம்புகார் படத்துல விஜயகுமாரி பேசற வசனத்த பாத்து அப்படியே இறக்கிட்டாங்க. அந்த படத்த நான் குறை சொல்லல, எங்க அம்மா அத பாத்து அழுதவங்க. ஆனா ஸ்கூல் நாடகத்துல அந்த ஒரு வசனத்த மட்டும் பிடிச்சுகிட்டா அது பேச்சுப் போட்டி ஆயிடும். கண்ணகி கத்துவா, ஜனம் கை தட்டும், எதிர்ல ஒட்டு மீசையோட உக்காந்திருக்கற பையன் ரெண்டு வரி முனகிட்டு பொத்துன்னு விழுவான், திரை. இதுல சோகம் எங்க இருக்கு? வில்லன் செத்தான்னு சந்தோஷமா எழுந்து போவாங்க.

என்னை கேட்டா அந்த காட்சியோட சோகம் பாண்டியன் நெடுஞ்செழியன்கிட்டதான் இருக்கு. (கண்ணகி பக்தர்கள் கோச்சுக்காதீங்க, அவ கோவத்துல ஒரு பொட்டு கூட நான் குறைக்க சொல்லல.) மூலத்த பொறுமையா வாசிச்சு பாருங்க. முதல்ல அந்த ஆள் நிமிந்துதான் பேசறான், "கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று", திருடன கொல்றது கொடுங்கோல் ஆட்சி இல்லம்மாங்கறான். அதுக்கு அவ "என் காற் பொற்சிலம்பு மணியுடை அரியே"ன்றா, என் சிலம்புக்குள்ள குலுங்கற பரல் மாணிக்கம்னு அர்த்தம். இப்ப ராஜா என்ன செஞ்சிருக்கலாம்? எங்க சிலம்புலயும் மாணிக்கம்தான்னு ஒரு பொய் போதும், அவன் அரண்மனை, அவன் சபை, யாரு எதிர்த்து கேக்க போறா. ஆனா அவன் சொல்றது "யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே". நீ சொன்னது சரியான பேச்சு, எங்களுதுல முத்துன்னு அவனே ஒத்துக்கறான். சிலம்பு உடையறதுக்கு முன்னாடியே தனக்கு எதிரா தானே சாட்சி சொல்லிட்டான். அப்புறம்தான் சிலம்ப கொண்டாந்து வைக்க சொல்றான், அவ உடைக்கறா, மாணிக்கம் தெறிச்சு அவன் வாயில வந்து படுது, "யானோ அரசன் யானே கள்வன்", "கெடுக என் ஆயுள்". சோக நாடகத்துக்கு நாயகன்னு கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் சொன்னதும் இந்த மாதிரி ஆளத்தான், ரொம்ப நல்லவனும் இல்ல கெட்டவனும் இல்ல, ஒரு பிழையால விழறவன். இத பத்தாவது படிக்கற பிள்ளைக்கு புரிய வைக்க முடியாதுன்னு சொல்றவங்க பிள்ளைங்ககிட்ட பேசி பாக்காதவங்க.

எப்படி புரிஞ்சுதுன்னு சொல்றேன். நாங்க சபையில ஆரம்பிக்கல, அதுக்கு முந்தி கொலைக்களக் காதையில வர்ற ஒரு சின்ன இடத்துல ஆரம்பிச்சோம். கூத்து பாத்துட்டு இருந்த ராஜா மேல ராணிக்கு ஊடல், தலைவலின்னு சொல்லிட்டு எழுந்து போயிடறா. அவள சமாதானம் பண்ண அவசரமா போயிட்டிருக்கான், வாசல்ல பொற்கொல்லன் வந்து கால்ல விழுந்து சிலம்பு திருடன் சிக்கிட்டான்றான். நிக்கக்கூட இல்ல, காவலாளுங்கள கூப்பிட்டு, சிலம்பு அவன் கையில இருந்தா "கொன்று அச்சிலம்பு கொணர்க"ன்னுட்டு போயிட்டான். ஒரே வரி. விசாரணை கிடையாது. இத்தனைக்கும் கொல்ல போன ஆளுங்களே கோவலன பாத்துட்டு இவன் கொல்லப்பட வேண்டிய ஆளா தெரியலையேன்னு தயங்கறாங்க, அதுவும் பாட்டுல இருக்கு. இத வகுப்புல வாசிச்சு முடிச்சதும் பின் பெஞ்ச்ல இருந்து ஹாஸ்டல் பையன் ஒருத்தன் எழுந்து "மிஸ், போன வருஷம் செல்போன் காணாம போனப்ப எங்க ஹாஸ்டல் பசங்க பைய மட்டும்தானே கொட்டி பாத்தாங்க"ன்னான். வகுப்பே அவன திரும்பி பாத்துது. அதுக்கு மேல நான் விளக்க வேண்டிய அவசியமே இல்லாம போச்சு. அந்த பையன் நடிக்க மாட்டேன்னுட்டான், மைக்கும் சாமானும் பாத்துக்கறேன்னான், அதுவே பெரிய உதவியா இருந்துது.

சாமான்னு சொன்னதும் ஒண்ணு சொல்லிடறேன், யாருக்காவது பயன்படும். சிலம்பு உடையணும், அதுதான் பெரிய தலைவலி. பித்தளை உடையாது, அட்டை உடைஞ்சா சத்தம் வராது. குயவர் வீட்டுல சொல்லி சுடாத பச்சை மண்ணுல உள்ள பொள்ளலா வளையம் பண்ணி காய வச்சு தங்க பெயிண்ட் அடிச்சோம், உள்ள சிவப்பு கண்ணாடி மணி. குன்றிமணி போடலாம்னு சொன்னாங்க, அது விஷம், சின்ன பிள்ளைங்க மேடைகிட்ட பொறுக்கும்னு வேணாம்னுட்டேன். தரையோட ஒரு மைக்க படுக்க வச்சா மணி சிதறி ஓடற சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேக்குது. பக்கத்து ஊர் தெருக்கூத்து வாத்தியார் ஒருத்தர் ரெண்டு சாயங்காலம் வந்து சொல்லி குடுத்தார், மணி நெசமா வந்து படணும்னு அவசியம் இல்ல, ராஜா கைய மெதுவா உதட்டுக்கு கொண்டு போனா போதும், பாக்கறவன் பாத்துக்குவான்னார். கோவலன் கொலைய நாங்க மேடையில காட்டவே இல்ல. கிரேக்க நாடகத்துல சாவ ஒரு ஆள் வந்து சொல்ற வழக்கம் உண்டு, சிலம்புலயும் கண்ணகிக்கு சேதி அப்படித்தானே வருது, ஆய்ச்சி ஒருத்தி ஓடி வந்து சொல்றா. அதனால ரத்தம், வாள்னு உங்க ஹெச்எம் பயப்பட தேவையே இல்லைன்னு சொல்லுங்க. முலைய திருகி எறியறதும் மதுரை எரியறதும் நாங்க எடுத்துக்கல, வழக்குரை காதையோட நிறுத்திட்டோம். இலக்கியத்த வெட்டறீங்கன்னு ஒரு பேராசிரியர் எங்கிட்ட சண்டை போட்டார். முப்பது காதையையும் இருவது நிமிஷத்துல போட அவராலயும் முடியாது.

பொற்கொல்லன் வேஷம் போட்ட பையனோட அப்பா நகை ஆசாரி. நேரா ஸ்கூலுக்கு வந்துட்டார். எங்க ஆளுங்கள திருடனா காட்டறீங்க, அதே புஸ்தகத்துல நெடுஞ்செழியனுக்கு அப்புறம் வந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லர பலி குடுத்தான்னு வருதே, அதுக்கு யாரு அழுதான்னு கேட்டார். அந்த மனுஷன் கேட்டது நியாயம்ங்க. ஒருத்தன் பண்ணதுக்கு ஆயிரம் பேரு. ஹெச்எம் ரூம்ல அவர உக்கார வச்சு ராஜா பேசற கடைசி வரிய வாசிச்சு காட்டினேன், "பொன்செய் கொல்லன் தன்சொற் கேட்ட யானோ அரசன்". கொல்லன் திருடன்னு ராஜா சொல்லல, அவன் பேச்ச கேட்ட நான்தான் திருடன்றான், பழிய தன் மேல எடுத்துக்கறான், நாங்க காட்ட போறது அதத்தான்னு சொன்னேன். ரொம்ப நேரம் பேசினோம். பையன் சாதி அடையாளம் எதுவும் இல்லாம அரண்மனை அதிகாரி உடுப்புல வர்றதுக்கு ஒத்துகிட்டார், அவரும் விழாவுக்கு வந்தார். இந்த மாதிரி ஒருத்தர் வந்தா புராணத்த எதிர்க்கறான்னு துரத்தாதீங்க, உக்காந்து பேசுங்க.

ஒத்திகைக்கு நேரம் எங்க கிடைக்குதுன்னு மட்டும் கேக்காதீங்க. பி.டி. பீரியட், டிராயிங் பீரியட் எல்லாம் கணக்குக்கும் சயின்ஸுக்கும் போயிடும், ரிசல்ட் வரணுமாம். பத்தாவதுன்னா பிள்ளைக்கு கை கால் இருக்கக்கூடாது போல. பகுதி நேரமா வர்ற ஓவிய டீச்சருக்கு குடுக்கற சம்பளம் அவங்க பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே சரியா போகும், அவங்கதான் எங்க நாடகத்துக்கு ராத்திரி உக்காந்து கிரீடம் ஒட்டினாங்க. மேடையில பொன்னாடை வாங்கினது யாருன்னு சொல்லவே வேணாம், வயிறு எரியுது. சிறப்பு விருந்தினர் பேச்சு நீண்டதுல எங்க நேரத்த வேற குறைக்க பாத்தாங்க, சினிமா பாட்டு டான்ஸ் ஒண்ண கூட எடுக்கல. நான் மேடை ஓரத்துலயே நின்னு சண்டை போட்டுதான் முழுசா போட்டோம், அதுல எனக்கு வருத்தமே இல்ல.

நாடகம் நடந்தப்போ கண்ணகியா வந்த பொண்ணு கத்தவே இல்ல. வாயில்காவலன்கிட்ட "வாயிலோயே வாயிலோயே"ன்னு கூப்பிடும்போதே அடங்கின குரல்ல கூப்பிட்டா, சோழநாட்டுல கன்னுக்காக மகனையே தேர்க்கால்ல இட்டவன் ஊர்லேந்து வர்றேன்னு சொல்றப்ப மட்டும் நிமிந்தா. ராஜா பையன் "முத்துடை அரியே"ன்னு சொல்லிட்டு, தான் என்ன சொல்லிட்டோம்னு அப்பதான் உறைச்ச மாதிரி ராணி கால பாத்தான். நான் சொல்லி குடுக்கல, அவனா செஞ்சான். ராஜாவும் ராணியும் விழுந்தப்ப யாரும் கை தட்டல, நாடகம் படுத்துருச்சுன்னு ஹெச்எம் என்னை பாத்தார். முன்னாடி தரையில உக்காந்திருந்த ஒரு பாட்டி சத்தமா "ஐயோ பாவம்டா அந்த ராஜா, கேட்டிருக்கலாம் இல்ல ஒரு வார்த்தை"ன்னுச்சு. எழுத படிக்க தெரியாத பாட்டி. கண்ணகிய பாத்து பாவம்னு சொல்றவங்க எல்லா ஊர்லயும் உண்டு, அந்த ராஜாவையும் சேத்து ஒருத்தர் பாவம்னு சொல்லி நான் அதுக்கு முன்னாடி கேட்டதில்ல.

பிள்ளைங்க மனசு பாதிக்குமான்னா, பாதிக்கும்ங்க, பாதிக்கணும்னுதானே போடறோம். அடுத்த வாரம் வகுப்புல காம்பஸ் பாக்ஸ் ஒண்ணு காணாம போச்சு, ஒரு பொண்ணு இன்னொருத்தன கைய காட்டினா, உடனே நாலு பேரு "முதல்ல கேளு, கேட்டுட்டு சொல்லு"ன்னு சத்தம் போட்டாங்க. நான் பாத்தத சொல்றேன். இதனால சமூகம் திருந்திடுமான்னு கமெண்ட்ல வந்து கேக்கறவங்களுக்கு எங்கிட்ட பதில் இல்ல.

உங்க ஹெச்எம் கடைசியில மங்களமா முடிங்கன்னு கேட்டா விட்டுக் குடுக்காதீங்க. நாடகம் முடிஞ்சு எல்லாரும் வரிசையா வந்து வணக்கம் சொல்லட்டும், நாட்டுப்பண் பாடட்டும், அது போதும். மூலம் தமிழ் இணையக் கல்விக்கழகம் தளத்துல உரையோட இலவசமா இருக்கு, பதினாறாவது காதையும் இருபதாவது காதையும் மட்டும் எடுத்துக்கோங்க. பேச்ச நடைமுறை தமிழ்ல மாத்திக்கலாம், ஆனா மேல நான் சொன்ன ராஜாவோட வரிங்கள இளங்கோ எழுதினபடியே விடுங்க, பத்தாவது பையன் நல்லாவே சொல்லுவான். அரை பரீட்சைக்கு முன்னாடியே ஒத்திகைய ஆரம்பிச்சுடுங்க, ஜனவரிக்கு மேல பிள்ளைங்கள உங்ககிட்ட விட மாட்டாங்க.