ஜியோகேஷிங்: தேடுபவரும் வைத்தவரும் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் போன நடைகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் ஜியோகேஷிங் குறித்து, அதாவது யாரோ மறைத்து வைத்த பெட்டியை ஜிபிஎஸ் கொண்டு தேடிக் கண்டுபிடித்து உள்ளிருக்கும் தாளில் பெயரெழுதும் விளையாட்டைக் குறித்து, இரண்டு வரி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். சியாட்டில் அருகே இருக்கிறேன். மென்பொருள் வேலை. மகளுக்கு ஏழு வயதானபோது, அவள் பள்ளித்தோழியின் வீட்டார் எங்களை ஒரு பூங்காவுக்கு அழைத்துப்போனார்கள். மரப்பொந்தில் ஒரு டப்பா. உள்ளே இருந்த பிளாஸ்டிக் டைனோசரை எடுத்துக்கொண்டு, தன் பாசிமணி வளையலை அவள் அங்கே வைத்தாள். அன்று தொற்றிக்கொண்டது.

இப்போது அவளுக்குப் பதிமூன்று. வர மறுக்கிறாள். நான் தனியாகப் போகிறேன். கண்டுபிடித்தவை நாலாயிரத்தை நெருங்குகின்றன. சனிக்கிழமை முழுக்கக் காரோட்டி, கடைவாசல் விளக்குக் கம்பத்தின் அடிமூடியைத் தூக்கி, விரல்நுனி அளவுக் குப்பியில் சுருட்டிவைத்த தாளில் பெயரெழுதிவிட்டு அடுத்த கம்பத்துக்குப் போகிறேன். என்ன பார்த்தீர்கள் என்று மனைவி கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இருப்பதில்லை. நான் வைத்த மூன்று பெட்டிகளில் இரண்டு காணாமல் போய்விட்டன.

போன மாதம் குடியிருப்பை ஒட்டிய ஒரு பூங்காவில் புதரோரம் குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். யாரோ போலீஸுக்குச் சொல்லிவிட்டார்கள். வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனாலும் கைகள் இரண்டும் அவர் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டு நின்ற அந்தச் சில நிமிடங்கள் மனதை விட்டுப் போகவில்லை.

இது விட்டுவிட வேண்டிய பழக்கமா? இன்னொன்று, டிசம்பரில் சென்னை வருகிறோம். அங்கே ஒரு பெட்டி வைத்துவிட்டு வரலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பூங்காவில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் சலிப்பு, இது காயம்.

இந்த விளையாட்டு தன்னை ஆடுபவரிடம் கேட்பது ஒரே ஒரு நடத்தையைத்தான். விளையாடாதவர் கண்ணில் படாமல் தேடு, பெட்டியை எடு, எழுது, இருந்தபடியே மறைத்து வை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது எப்படித் தெரியும்? ஒருவர் சுற்றும்முற்றும் பார்க்கிறார், குனிகிறார், எதையோ செருகுகிறார், போய்விடுகிறார். 2011இல் இங்கே, இங்கிலாந்தில், யார்க்‌ஷயரின் வெதர்பி ஊரில் ஒருவர் இப்படி ஒரு சிறு பெட்டியைக் கையாண்டதை சிற்றுண்டிக் கடையில் இருந்த ஒருவர் பார்த்துப் போலீஸுக்குச் சொன்னார். தெருவை அடைத்தார்கள். ராணுவ வெடிகுண்டுப் பிரிவு வந்து பெட்டியை வெடித்துத் தகர்த்தது. அது வெறும் ஜியோகேஷிங் பெட்டி.

நாயைக் கூட்டிக்கொண்டு வரும் வெள்ளைக்காரப் பெரியவர் புதரில் கைவிட்டால் எதையோ தொலைத்துவிட்டார் என்று நினைப்பார்கள். நீங்களோ நானோ கைவிட்டால் அப்படி நினைப்பதில்லை. இதை இந்த விளையாட்டின் வழிகாட்டிகள் எழுதுவதில்லை. எழுதுபவர்களில் பெரும்பாலோர் அதை அனுபவித்ததில்லை. ஆகவே நான் சொல்கிறேன்: வீடுகளை ஒட்டியோ, பள்ளிக்கருகிலோ, சிறுவர் விளையாடும் இடத்திலோ ஒரு பெட்டி இருந்தால் தொடாமல் திரும்பிவிடுங்கள். போயே ஆகவேண்டும் என்றால் பகலில், யாராவது ஒருவருடன், ஒளிவுமறைவே இல்லாமல் தேடுங்கள். யாராவது உற்றுப் பார்த்தால் நீங்களே முந்திக்கொண்டு செயலியைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். ரகசியம் கெட்டால் கெடட்டும். அங்கே பெட்டி வைத்தவர் யோசித்திருக்க வேண்டும். நிலத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும் என்பது விதி. அதைக் கேட்காமலே வைப்பவர்கள் ஏராளம். வைத்தவரின் அந்தச் சோம்பலுக்கு விலை கொடுத்தது நீங்கள்.

இனி, சலிப்பு.

அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சைகையில் வேண்டுமென்றே பிழை சேர்த்து வைத்திருந்தது. இருக்குமிடத்தை நூறு மீட்டர்வரை தவறாகக் காட்டும். 2000 மே மாதம் 2ஆம் தேதி அந்தப் பிழை நீக்கப்பட்டது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தின் பீவர்க்ரீக் அருகே ஒரு கறுப்பு வாளியைக் காட்டோரம் வைத்து, அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். வாளியில் ஒரு நோட்டு, பென்சில், புத்தகம், கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு டின் அவரை. எதையாவது எடுத்துக்கொள், எதையாவது வைத்துவிட்டுப் போ. அவ்வளவுதான் விதி. சில நாட்களிலேயே மைக் டீக் என்பவர் கண்டுபிடித்துவிட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கென்று தளம் தொடங்கியபோது உலகம் முழுவதற்கும் 75 பெட்டிகள் இருந்தன. இன்று முப்பது லட்சத்துக்கும் மேல்.

ஒரு கேலியாகவே இதைப் பலர் சொல்வார்கள், 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் டப்பா தேடுகிறோம் என்று. எனக்கு அந்த வாளியில் பிடித்தது வேறு. தெரியாத ஒருவர் வருவார், பெட்டியைத் திறப்பார், பூட்டு இல்லாவிட்டாலும் முழுதாக அள்ளிக்கொண்டு போகமாட்டார் என்று உல்மர் எண்ணினார். அந்த எண்ணத்தின் மேல்தான் முழு விளையாட்டும் நிற்கிறது. டார்ட்மூரில் இது செயற்கைக்கோளுக்கு முன்பே இருந்தது. 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி கிரான்மியர் பூல் என்னும் சதுப்புப் பள்ளத்தில் ஒரு ஜாடியை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். பிறகு தனக்கே முகவரி எழுதிய தபால் அட்டையை வைத்துவிட்டு வருவதும், அடுத்து வருபவர் அதை எடுத்துப்போய்த் தபாலில் சேர்ப்பதும் வழக்கமாயிற்று. முன்பின் தெரியாதவர் கையில் தன் அட்டையைக் கொடுக்கிறார்கள், அது வீடு வந்து சேர்கிறது. நான் கிரான்மியர் போய் நின்றபோது பள்ளத்தில் தண்ணீர்கூட இல்லை, கரிய மண்ணும் கோரையும்தான். வழியெல்லாம் ராணுவச் சுடுதளம் வேறு, செங்கொடி ஏறியிருக்கும் நாளில் போகமுடியாது. ஆனாலும் நூற்றெழுபது ஆண்டாக ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

எண்ணிக்கை என்று ஒன்று நடுவில் வந்து இதைக் குலைத்தது. உங்கள் வீட்டுக்குக் கிழக்கே ஸ்னோக்வால்மி கணவாயில் பழைய ரயில் சுரங்கம் இருக்கிறது. மூன்றரை கிலோமீட்டருக்கும் மேல், கோடையிலும் குளிர், கைவிளக்கு இல்லாமல் உள்ளே நடக்கமுடியாது. அதைக் கடந்து போனால் 2001இல் வைக்கப்பட்ட, உலகெங்கிலுமிருந்து ஆட்கள் தேடிவரும் பெட்டி. நீங்கள் நிச்சயம் போயிருப்பீர்கள். அது உங்கள் கணக்கில் எத்தனை? 1. கடைவாசல் விளக்குக் கம்பம்? அதுவும் 1. ஒரு நாள் முழுக்க நடந்ததும், காரைவிட்டு இறங்கி நாலடி வைத்ததும் ஒரே எடை. இப்படி ஒரு தராசைக் கையில் கொடுத்தால் மனம் எந்தப் பக்கம் சாயும்?

சாய்ந்ததன் உச்சத்தை நெவாடாவில் பார்க்கலாம். 375ஆம் எண் நெடுஞ்சாலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளை வரிசையாக வைத்தார்கள். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் இருக்கவேண்டும் என்பது விதி, ஆகவே 161 மீட்டருக்கு ஒன்று. ஒருவர் காரோட்ட, ஒருவர் குதித்திறங்கி, கையிலுள்ள குப்பியை வைத்துவிட்டு அங்கிருப்பதை எடுத்துக்கொண்டு ஏறிக்கொள்வார். ஓடும் காரிலேயே தாளில் முத்திரை குத்தி அடுத்த இடத்தில் அதை வைப்பார்கள். ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் சேரும். சாலையோரம் இத்தனை வண்டிகள் நின்று நின்று போவதைக் கண்ட மாநிலப் போக்குவரத்துத் துறை 2011இல் எடுக்கச் சொன்னது. பிறகு வேறு வடிவில் திரும்பவும் வந்தது. இதில் மகிழ்பவர்களை நான் தடுக்கப்போவதில்லை. ஆனால் உல்மர் வைத்த வாளிக்கும் இதற்கும் உறவு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அங்கே வைத்தவர் யாருக்கும் எதையும் காட்ட விரும்பவில்லை. வருபவரும் எதையும் பார்க்கவில்லை. வீட்டில் கேட்டால் உங்களிடம் பதில் இல்லாததற்குக் காரணம் இதுதான். பழக்கத்தை விடவேண்டாம், கணக்கை விடுங்கள். தளத்தில் உங்கள் எண் இருந்துவிட்டுப் போகட்டும். இனி ஒரு நாளைக்கு ஒரு பெட்டி, அதுவும் அந்த இடத்துக்காக. போவதற்கு முன் பழைய பதிவுகளைப் படியுங்கள். நன்றி என்று ஒரே சொல்லாக இருந்தால் விட்டுவிடுங்கள். வந்தவர்கள் நின்று நாலு வரி எழுதிய இடங்கள் தனியே தெரியும்.

காணாமல் போன உங்கள் இரண்டு பெட்டிகளைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் இந்தப் பொழுதுபோக்கில் நான் மிக மதிப்பது பெட்டியைப் பார்த்துக்கொள்வதைத்தான். தேடுபவர் வந்துவிட்டுப் போய்விடுவார். வைத்தவருக்கு அது வருடக்கணக்கான வேலை. மழைக்குப் பிறகு போய்ப் பார்க்கவேண்டும். நனைந்த நோட்டை மாற்றவேண்டும். விரல்நுனிக் குப்பிகளில் உள்ளே நீர் வியர்த்துத் தாள் கூழாகிவிடும். ரப்பர் விளிம்புள்ள வாய் அகன்ற டப்பாவோ, ராணுவத் தோட்டாப் பெட்டியோதான் தாங்கும். பேனா குளிரில் எழுதாது, பென்சில் வையுங்கள். தின்பண்டம் கூடவே கூடாது, அணில் கடித்துத் திறந்துவிடும். முதல் வாளியிலேயே ஒரு டின் அவரை இருந்தது, பிறகு அனுபவத்தில் உணவைத் தடைசெய்தார்கள். வருகிறவர்கள் மிதித்து மிதித்துப் பெட்டியைச் சுற்றிப் புல் தேய்ந்து வழித்தடம் விழுந்தால், அதை எடுத்து வேறிடம் மாற்றவேண்டும். மண்ணைத் தோண்டிப் புதைக்கக்கூடாது.

இன்னொரு தொல்லை உண்டு. தேடிக் கிடைக்காதவர் கிடைக்கவில்லை என்று பதிவதற்கு வெட்கப்பட்டு, பையிலிருந்து ஒரு ஃபிலிம் டப்பாவை எடுத்து அங்கே போட்டுவிட்டுக் கண்டேன் என்று எழுதிவிடுவார். உண்மையான பெட்டி பக்கத்துக் கல்லுக்கடியில் இருக்கும். அடுத்தவருக்கு இரண்டில் எது என்று குழப்பம், வைத்தவருக்குச் சண்டை. கிடைக்கவில்லை என்பது தோல்விப் பதிவல்ல, அதைப் பார்த்துத்தான் வைத்தவர் போய்ச் சோதிப்பார். நீங்கள் தேடி ஏமாந்த நாட்களையெல்லாம் தயங்காமல் பதியுங்கள்.

பிரிஸ்டலுக்குத் தெற்கே, வேலியோர நடைபாதை ஒன்றில் நான் பார்த்துக்கொள்ளும் பெட்டி இருக்கிறது. மழைக்கு ஒதுங்கிய ஒருவர், எதிர்ப்பள்ளத்தில் மான் நின்றதை அதில் எழுதியிருந்தார். அடுத்து வந்தவர் அதைப் படித்துவிட்டு, தானும் அங்கேயே நின்று பார்த்ததாகவும் மான் வரவில்லை, முயல் வந்தது என்றும் எழுதினார். இவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கப்போவதில்லை. இந்த நோட்டுக்காக நான் சேற்றில் எத்தனை முறை வேண்டுமானாலும் நடப்பேன். அந்தப் பெட்டியும் திருடுபோகலாம். யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று வைத்ததால்தான் மான் பற்றி எழுதியவர் வந்தார், தூக்கிப்போகிறவரும் அதே வழியில்தான் வருவார். கான்சஸில் மிங்கோ என்ற இடத்தில் 2000 மே மாதம் வைத்த பெட்டி இன்றும் தேடுவோருக்கு இருக்கிறது என்றால், யாரோ அதை விடாமல் கவனித்துக்கொள்கிறார்கள். உங்களிடம் மீந்திருக்கும் ஒன்றை அப்படிப் பார்த்துக்கொள்ளுங்கள். போன இரண்டையும் இடம் நன்றாக இருந்தால் மட்டும் திரும்ப வையுங்கள்.

மகளைக் கட்டாயப்படுத்த வேண்டாம். தேடக் கூப்பிட்டால் வரமாட்டாள். வைக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். எந்த இடம், என்ன பெட்டி, எத்தனை கடினம் என்பதை அவளே முடிவுசெய்யட்டும். புதிர்ப் பெட்டி என்று ஒரு வகை இருக்கிறதல்லவா, விடை கண்டால்தான் சரியான இடம் தெரியும். பதிமூன்று வயதுக்குப் பெரியவர்களைத் திணறடிக்கும் புதிர் எழுதுவது பிடிக்கும். அதற்கும் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

ஆபத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. தனியாகப் போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன். 2018 ஜூனில் பிராகில், நிலத்தடியில் ஓடும் ஓடைக்குள் பெட்டி தேடி இறங்கியவர்களில் இரண்டு பேர் திடீர் மழையின் வெள்ளத்தில் இறந்தார்கள். பெட்டி இருக்கும் நிலத்துக்கு ஐந்து நட்சத்திரக் கடினம் என்று தளத்தில் போட்டிருந்தால் அது விளையாட்டுக் கடினமில்லை. பள்ளம், பாழ்கட்டடம், நீர்வழி எதுவானாலும் தனியாக வேண்டாம்.

இனி, சென்னை பற்றிய உங்கள் கேள்வி. பெட்டி வைக்காதீர்கள். இரண்டு காரணம். பராமரிக்க முடியாத தூரத்தில் வைக்கக்கூடாது என்று விளையாட்டின் விதியே சொல்கிறது. நீங்கள் ஜனவரியில் திரும்பிவிட்டால் அடுத்த மழையில் யார் போய்ப் பார்ப்பார்கள்? அடுத்தது, கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதே, போலீஸுக்குச் சொல் என்று ரயில் நிலையத்தில் காதில் விழுந்துகொண்டே இருக்கும் ஊர் அது. வெதர்பியில் நடந்தது அங்கே நடந்தால் வைத்தவர் மட்டுமல்ல, வைக்க உதவிய உங்கள் உறவினர்களும் ஸ்டேஷன் வாசலில் நிற்கவேண்டி வரும்.

அதற்குப் பதில் எர்த்கேஷ் செய்யலாம். 2004 முதல் இருக்கும் வகை. பெட்டி கிடையாது. வருபவர் ஓர் இடத்தின் நிலவியலைப் பார்த்து, நீங்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடையை எழுதி அனுப்புகிறார். அமெரிக்க தேசியப் பூங்காக்களில் பெட்டிகளைப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை, இதைப் பல பூங்காக்களில் ஏற்கிறார்கள். விழுப்புரம் பக்கம் திருவக்கரைக்குக் குடும்பத்தோடு போய்வாருங்கள். சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன, ஆண்டுவளையம்வரை தெரியும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பொறுப்பில் உள்ள பூங்கா, ஆகவே முதலில் அவர்களிடம் அனுமதி கேட்கவேண்டும். ஏற்கெனவே யாராவது அங்கே பதிந்திருக்கிறார்களா என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பதிந்திருந்தால் நீங்கள் போய் விடை எழுதினால் போதும். இல்லாவிட்டால் கேள்விகளை மகளோடு சேர்ந்து தமிழிலும் எழுதுங்கள். விடைகளை சியாட்டிலில் இருந்தபடியே திருத்தலாம்.