கிரீன் கார்டுக்கு முன் சொந்த விமானம் வாங்கலாமா?

டாலஸுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன, ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன், தனியார் விமானி உரிமம் சென்ற மாதம்தான் கிடைத்தது, அடுத்த கோடையில் ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவை ஏற்றிச் செல்லப் பழைய செஸ்னா 172 வாங்குவதா, பைப்பர் செரோக்கி வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். வாழ்த்துகள், தம்பி.

எந்த விமானம் என்பதற்கு முன், யார் பெயரில் என்பதைப் பாருங்கள். அமெரிக்காவில் தனிநபர் ஒருவர் தம் பெயரில் விமானத்தைப் பதிவு செய்ய வேண்டுமென்றால், அவர் குடிமகனாகவோ கிரீன் கார்டு பெற்றவராகவோ இருக்க வேண்டும்; ஹெச்-1பி விசா போதாது. குடியுரிமை பெற்ற நண்பரோடு பங்குக்கு வாங்கினாலும், பதிவில் பெயர் உள்ள ஒவ்வொருவருக்கும் இதே விதிதான். டிரஸ்ட் ஒன்றின் பெயரில் பதிவு செய்து பறப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு ஆண்டுதோறும் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். ஆகவே இப்போதைக்கு ஒரு ஃபிளையிங் கிளப்பில் சேர்ந்து, இரண்டு வகையையும் ஓட்டிப் பழகுங்கள் என்பதே என் அறிவுரை. பறக்கும் மணிநேரம் கூடக்கூடப் பின்னாளில் காப்பீடு எடுப்பதும் எளிதாகும்.

அடுத்தது எடைக் கணக்கு. நான்கு இருக்கைகள் இருப்பதால் நான்கு பேர் போகலாம் என்று பொருளில்லை. 1970-களின் பிற்பகுதியில் வந்த 172N மாடல் எல்லாம் சேர்த்துத் தூக்கக்கூடிய உச்ச எடை 2300 பவுண்டு. வெறும் விமானமே ஏறக்குறைய 1450 பவுண்டு இருக்கும். 40 கேலன் எரிபொருளுக்கு 240 பவுண்டு போனால், ஆட்களுக்கும் பெட்டிகளுக்கும் மிஞ்சுவது சுமார் 610 பவுண்டுதான். நீங்கள் மூவரோடு இன்னொருவரும் ஏறினால், ஆளுக்கு 75 கிலோ (165 பவுண்டு) என்று வைத்தால்கூட நால்வருமே 660 பவுண்டு. பாதி எரிபொருளோடு கிளம்பினால் கணக்குச் சரியாகும். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு 8 கேலன் செலவாகும்போது, கட்டாயக் கையிருப்பு போக இரண்டு மணி நேரப் பயணத்துக்கே அது போதும். அதோடு டெக்சஸ் வெயில் 38 டிகிரியைத் தொடும் நாளில், சூட்டில் காற்றின் அடர்த்தி குறைவதால், கடல் மட்டத்திலிருந்து 640 அடி உயரத்தில் இருக்கும் டாலஸ் பக்கத்து டென்டன் ஓடுதளத்திலும் விமானம் 3000 அடிக்கு மேலே நிற்பதைப் போல மூச்சு வாங்கும். எடை குறைவாக இருந்தாலும் அன்று காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுங்கள்.

இரண்டில் எது என்றால், உங்கள் குடும்பத்துக்கு நான் 172-ஐச் சொல்வேன். செரோக்கிக்கு ஒரே கதவு, அதுவும் வலப்பக்கம். சேலை கட்டிய அம்மா இறக்கைமேல் கால் வைத்து ஏறித்தான் உள்ளே இறங்க வேண்டும். 172-க்கு இரு பக்கமும் கதவு உண்டு, இறக்கையோ தலைக்கு மேலே. எரிபொருளும் இரண்டு டாங்கிலிருந்து ஒரே நேரத்தில் வரும். செரோக்கியில் இடம் வலம் என்று நீங்களே நினைவாக மாற்ற வேண்டும்.

விமானத்தின் பெயரைவிட அதன் வாழ்க்கை முக்கியம். 2012-இல் நான் பளபளக்கும் பெயின்டைப் பார்த்து மயங்கி, மூன்று ஆண்டுகள் ஹேங்கரில் அசையாமல் கிடந்த ஒன்றை வாங்கினேன். முதல் ஆண்டு ஆய்வில் மெக்கானிக் ஆயில் ஃபில்டரை வெட்டி, அதன் மடிப்புகளை வெள்ளைத் துணிமேல் விரித்துக் காட்டினார். சூரிய ஒளியில் இரும்புத்தூள் மினுமினுத்தது. இவ்வகை விமானங்கள் பலவற்றில் உள்ள லைகாமிங் எஞ்சினில், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் மேற்புறத்தில் இருப்பதால், ஓட்டாமல் நிறுத்தினால் எண்ணெய் வடிந்து துருப்பிடிக்கும். பின்பு ஓட்டும்போது அந்தத் துருவே உலோகத்தைத் தின்னும். வாங்கிய விலையில் பாதிக்கு மேல் எஞ்சினுக்கே போயிற்று.

ஆதலால் நேரம் வரும்போது, விற்பவரோடு தொடர்பில்லாத மெக்கானிக்கைக் கொண்டு வாங்கும் முன்பே ஆய்வு செய்யுங்கள். லாக் புக்கில் ஒவ்வொரு ஆண்டும் எத்தனை மணி நேரம் பறந்தது என்று வரிவரியாகப் படியுங்கள். 172 என்றால் ஓட்டுநர் இருக்கையின் தண்டவாளத் துளைகள் தேய்ந்துள்ளனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். மேலெழும் நேரத்தில் இருக்கை பின்னால் நழுவினால், கை தானாகவே ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்துவிடும். கிரீன் கார்டு வந்ததும் சொல்லுங்கள், பார்க்கப் போகும் அன்று நானும் வருகிறேன்.