ஒலி ஒன்று, பொருள் வேறு: ஆங்கிலச் சொற்கள் பற்றிக் கேள்வி பதில்

செந்தூலைச் சேர்ந்த தாய்: டீச்சர், என் மகள் சந்திப்பதற்கான ‘மீட்’டையும் இறைச்சிக்கான ‘மீட்’டையும் மாற்றி எழுதுகிறாள். ஒலி ஒன்றுதானே, எழுத்து மட்டும் ஏன் இரண்டு விதம்?

பதில்: அம்மா, முன்பு ஒலியும் இரண்டுதான். சந்திப்பதைக் குறித்த சொல் ஏகாரத்தோடு ஒலித்தது. இறைச்சியைக் குறித்தது இன்னும் வாய் திறந்த ஏகாரத்தோடு ஒலித்தது. 15ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கில நெடில்கள் இடம்பெயர்ந்தன. முதற்சொல் ஈகாரமானது, இரண்டாவது தாமதமாக வந்து அதனோடு கலந்தது. இதற்கிடையே 1476இல் வில்லியம் கேக்ஸ்டன் என்ற அச்சாளர் இங்கிலாந்துக்கு அச்சுக்கலையைக் கொண்டுவந்தார். எழுத்து மெல்ல நிலைபெற்றது, ஒலி நிற்கவில்லை. ‘கிரேட்’, ‘பிரேக்’, ‘ஸ்டேக்’ மூன்றிலும் இறைச்சிச் சொல்லின் அதே ‘ea’ எழுத்துகள் உள்ளன. அவை ஏகாரத்திலேயே தங்கிவிட்டன. இந்தக் கதையை மகளிடம் சொல்லுங்கள். கணினியின் பிழைதிருத்தியை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டும் சரியான சொற்கள் என்பதால் அது பெரும்பாலும் கோடிடாது.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: பாலைவனத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ‘டெசர்ட்’டுக்கு எத்தனை எஸ்?

பதில்: ஒன்று. சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்புக்கு இரண்டு.

கெப்போங் இளைஞர்: ‘பெர்மிட்’ என்பதை என் மேலாளர் இரண்டு விதமாகச் சொல்கிறார். எது சரி?

பதில்: இரண்டும் சரி, தம்பி. கையில் இருக்கும் பெர்மிட் பெயர்ச்சொல். முதல் அசையை அழுத்த வேண்டும். அனுமதிப்பது வினை, அழுத்தம் இரண்டாம் அசையில். ‘ரெக்கார்ட்’டும் அப்படித்தான்.

பட்டர்வொர்த் வாசகர்: மலாயில் இந்தத் தொல்லையே இல்லை. எழுதியபடி படிக்கலாம்.

பாயான் லெப்பாஸ் வாசகி: அப்படியானால் ‘பெராங்’கை எப்படிப் படிப்பீர்கள்?

பதில்: வாசகி சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். அதே எழுத்துகளை மங்கிய எகரத்தோடு படித்தால் போர். தெளிந்த ஏகாரத்தோடு படித்தால் பழுப்பு நிறம். ‘செப்பாக்’ என்றால் அறைவது, ‘சேப்பாக்’ என்றால் உதைப்பது. எழுத்தில் இரண்டும் ஒன்றே. பழைய மலாய் எழுத்துமுறையில் மங்கிய ஒலிக்கு எழுத்தின் மேல் ஒரு குறி இருந்தது. 1972இல் அதை நீக்கிவிட்டார்கள்.

பட்டர்வொர்த் வாசகர்: இரண்டு மூன்று சொற்களை வைத்துக்கொண்டு ஒரு மொழியைக் குறை சொல்லலாமா?

பதில்: குறை சொல்லவில்லை, ஐயா. மலாயில் இவை குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘தொல்லையே இல்லை’ என்று நம்பி வளரும் பிள்ளை வாசிப்புத் தேர்வில் போரையும் பழுப்பையும் குழப்பும். ஆங்கிலத்திலோ, பிரெஞ்சுச் சொற்களை அவற்றின் எழுத்தோடு வாங்கிக்கொண்டதால் சிக்கல் கூடியது. எம்மொழியானாலும் சொல்லைத் தனியாக அல்ல, வாக்கியத்தோடு படிக்க வேண்டும்.

ஆயர் ஈத்தாம் மாணவி: இனிப்புக்கு எத்தனை எஸ், டீச்சர்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

செராஸ் தந்தை: பிழைதிருத்தி கோடிடாவிட்டால் கட்டுரை சரிதானே?

பதில்: இல்லை. முதல் பதிலைப் படியுங்கள்.