பாட்டுக்கணக்கும் புதிய கருவிகளும்: கேள்வி பதில்

மண்டபத்தில் மீன்பிடி விசைப்படகுகளுக்கு நெடுங்காலமாகப் பாட்டுக்கணக்கு, அதாவது பாடு (பிடிபட்ட மீன்) விற்ற பணத்தைப் பங்கு பிரிக்கும் கணக்கு, எழுதிவரும் ஒருவர், கரையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு எழுதிய பதில்கள் இவை.

பாம்பனிலிருந்து: கப்பல் போகப் பழைய ரயில் பாலத்தைத் திறக்க ஆட்கள் வேண்டியிருந்தது, புதிய பாலத்தில் அந்த வேலையே இல்லை. மீன்பிடியிலும் இப்படித்தான் ஆகுமா, ஐயா?

1914இல் திறக்கப்பட்ட பாலத்தின் நடுப்பகுதி, தொழிலாளர்கள் இரும்புக் கம்பிகளைத் தள்ளிச் சுற்றச் சுற்ற, இரண்டாகப் பிரிந்து மெல்ல மேலெழும். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட பாலத்திலோ 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பகுதியை மோட்டார்கள் செங்குத்தாக உயர்த்திவிடுகின்றன. அந்தக் கைவேலை இனித் திரும்பாது. படகில் நடப்பது வேறு: வலை இழுக்க ஆள் இன்னும் வேண்டும், ஆனால் அவருடைய பங்கில் கருவி கைவைக்கிறது.

இராமேசுவரத்திலிருந்து: இடம் காட்டும் ஜிபிஎஸ், ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் ஒலியால் காட்டும் எக்கோ சவுண்டர் எல்லாம் படகில் இருக்கின்றன. என் கைக்கு வரும் பணம் மட்டும் ஏன் கூடவில்லை?

ஒரு நாள் பாடு 60,000 ரூபாய்க்கு விலைபோனது என்று வைத்துக்கொள்ளுங்கள். டீசல், ஐஸ், சாப்பாடு என்று 40,000 கழிந்து, மீதி 20,000 படகுக்குப் பாதி, ஆட்களுக்குப் பாதி எனப் பிரிந்தால், ஐந்து பேருக்குத் தலைக்கு 2,000 வரும். அலைச்சல் குறைந்து டீசலில் 5,000 மிச்சமானால் அது 2,500 ஆகவேண்டும். ஆனால் கருவி வாங்கிய கடனுக்கென்று அதே 5,000 ரூபாயை முதலாளி முதலில் கழித்துக்கொண்டால், பழைய 2,000தான் கைக்கு வரும். கடன் வாங்கியவர் அவர், கழிப்பதில் தவறில்லை. கடன் அடைந்த பிறகும் அந்தக் கழிவு ஏட்டில் தொடர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், சில முறை என் கையாலேயே எழுதியும் இருக்கிறேன். ஆகவே, கடன் எந்த மாதம் முடிகிறது என்பதைக் கருவி பொருத்தும் நாளிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

இன்னொன்றும் உண்டு. கோயில் கோபுரத்தையும் கரைப் பனையையும் சேர்த்துப் பார்த்து இடம் கண்ட பழைய டிரைவருக்குக் கூடுதல் பங்கு கொடுத்தார்கள். இன்று அந்த அறிவு எல்லாப் படகிலும் திரையில் இருப்பதால், அதற்கென்று தனி விலை இல்லை.

சின்னப்பாலத்திலிருந்து: மிதவையில் கடற்பாசி வளர்க்க வந்துவிட்டார்கள். முங்கிப் பாசி எடுக்கும் எங்கள் பிழைப்பு என்னாகும்?

அம்மா, மூங்கில் மிதவையில் கட்டிச் சுமார் 45 நாளில் அறுக்கும் கப்பாபைகஸ் என்ற பாசியிலிருந்து, உணவைக் கெட்டியாக்கும் கராஜீனன் எடுக்கிறார்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு நீங்கள் பாறையிலிருந்து பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து, ஜெல்லி போல உறையவைக்கும் அகார் எடுக்கிறார்கள். சரக்கு வேறு என்பதால், ஒன்று மற்றொன்றை நேராகத் தள்ளிவிடாது. உங்கள் வருமானம் குறைவது பெரும்பாலும் எடை போடும் இடத்தில்தான். மணலுக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழித்தார்கள் என்பதைத் தராசு முள்ளோடு சேர்த்துக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து: பி.காம். படிக்கிறேன். செயற்கை நுண்ணறிவு கணக்கு வேலையை எடுத்துக்கொள்ளுமா?

கூட்டல் கழித்தலை ஏற்கெனவே எடுத்துக்கொண்டது, தம்பி. எந்தக் கழிவு நியாயம் என்று முதலாளியையும் ஆட்களையும் உட்காரவைத்துப் பேசும் வேலை எனக்கு இன்னும் இருக்கிறது.

தொண்டியிலிருந்து: மீன்பிடித் தடைக்காலத்தில் இராமநாதபுரம் போய் உணவு விநியோகச் செயலியில் ஓடலாமா?

ஏப்ரல் 15 முதல் 61 நாளும் விசைப்படகு கரையில்தான் நிற்கும் என்பதால் ஓடலாம். பெட்ரோலும் வண்டித் தேய்மானமும் உங்கள் தலையில் என்பதால், படகில் டீசலைக் கழிப்பதைப் போல அவற்றை முதலில் கழித்துவிட்டு, மிஞ்சுவதை மட்டும் கூலியாக எழுதுங்கள். இப்படிச் செயலி வழியாக வேலை செய்யும் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் 2023இல் தனி நலவாரியம் அமைக்கப்பட்டுள்ளது. அதில் பதிவு செய்வதைப் பற்றித் தொழிலாளர் நல அலுவலகத்தில் முதல் வாரத்திலேயே விசாரித்துவிடுங்கள்.