நான்காம் வகுப்புக் குழந்தைக்கு அறிவியல் கண்காட்சி: எங்கிருந்து தொடங்குவது?

மகள் நான்காம் வகுப்பு, அடுத்த மாதம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி, எரிமலை செய்யலாமா சூரியக் குடும்பம் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம் என்பேன். தொடக்கப்பள்ளி ஆசிரியர் என்பதால் இந்தக் கண்காட்சிகளில் மேசை மேசையாக நின்று பார்க்கிறவன் நான். தெர்மாகோல் எரிமலைக்குப் பின்னால் நிற்கும் பிள்ளை மனப்பாடம் செய்ததைக் கடகடவென்று ஒப்பிக்கும். "ஏன் நுரைக்கிறது?" என்று கேட்டால் அப்பாவைத் திரும்பிப் பார்க்கும்.

முதல் வாரம் கடைக்கே போகாதீர்கள். மகள் கேட்கிற கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எறும்புக்குச் சர்க்கரை பிடிக்குமா வெல்லம் பிடிக்குமா, மழைநாளில் தயிர் ஏன் சீக்கிரம் உறைவதில்லை, பானைத் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது என்று ஏதாவது வரும். அவற்றில் எண்ணியோ அளந்தோ விடை காணக்கூடியதை இருவருமாகத் தேர்ந்தெடுங்கள். வானம் ஏன் நீலம் என்பது அருமையான கேள்விதான். ஆனால் வீட்டில் ஸ்கேலையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

எதுவும் அமையவில்லை என்றால் நான் சொல்வது பச்சைப்பயறு. ஒரே அளவுள்ள இரண்டு டம்ளர்களில் ஒரே இடத்து மண்ணை நிரப்பி, இரவு ஊறவைத்த பயறு பத்துப் பத்தாக விதைக்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு விதை போதாது. முளைக்காமல் போனால் கதை முடிந்தது. ஒரு டம்ளர் ஜன்னலோரம் வெளிச்சத்தில் இருக்கட்டும். இன்னொன்றைப் பக்கத்திலேயே அட்டைப்பெட்டிக்குள் மூடி வையுங்கள். இரண்டுக்கும் ஒரே கரண்டியால் ஒரே அளவு தண்ணீர். வெளிச்சம் ஒன்றுதான் மாறுகிறது, மற்றதெல்லாம் ஒன்றே என்பது அவளுக்கு விளங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

விதைக்கும் முன் அவளுடைய ஊகத்தை எழுதி வாங்குங்கள். பெரும்பாலான பிள்ளைகள் "இருட்டில் வளராது" என்றுதான் எழுதுவார்கள். ஒரு வாரத்தில் பார்த்தால் இருட்டில் இருந்ததுதான் உயரமாக, வெளிறி மஞ்சளாக, நிற்கமுடியாமல் சாய்ந்திருக்கும்! விதையிலைகளில் சேர்ந்திருக்கும் உணவைச் செலவழித்து வெளிச்சம் தேடி நீள்கிறது. வெளிச்சம் இல்லாததால் பச்சையம் உருவாகவில்லை. ஊகம் பொய்த்ததை அழித்துத் திருத்த வேண்டாம். சார்ட்டில் அப்படியே இருக்கட்டும், நடுவராக நான் முதலில் தேடுவது அதைத்தான்.

தினமும் உயரத்தை அளந்து எழுதுவது அவள் வேலை. கத்தி, அடுப்பு உங்கள் வேலை. சார்ட் அவள் கையெழுத்தில் இருக்கட்டும், கோணலாக இருந்தாலும்.

இதைப் படிக்கும்போது இரண்டே நாள்தான் மிச்சம் என்றால், மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத்தாளில் பூசிக் காயவையுங்கள். சோப்புத் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு வைத்து எது சிவக்கிறது என்று அட்டவணை போடட்டும். வெற்றிலைச் சுண்ணாம்பையும் சோதிக்கலாம். அதை மட்டும் நீங்கள் தொட்டு வையுங்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. ஆரத்தித் தண்ணீர், மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து சிவப்பதும் இப்படித்தான். சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். இதை மட்டும் அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.