தூண்டில் பதில்கள்: ஈயக்குண்டு இல்லாத வீச்சு

கேள்வி: பிடோக் படகுத்துறையில் இருபது வருடமாக இறால் குத்தி மீன் பிடிப்பவன் நான். மகன் அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் வேலை செய்கிறான். மே மாதம் அவனிடம் போகிறேன். ஸ்மோக்கி மலை ஓடைகளில் புரூக் டிரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடிக்கலாம் என்கிறான். என் தூண்டிலையே கொண்டுபோகலாமா?
- வாசகர், ஈசூன்

பதில்: தூண்டில் வீட்டிலேயே இருக்கட்டும். இறாலையும் மறந்துவிடுங்கள். கிரேட் ஸ்மோக்கி தேசியப் பூங்காவில் ஒற்றை முள் வைத்த செயற்கை இரைக்கு மட்டும்தான் அனுமதி. டென்னசி அல்லது வட கரோலைனா மாநில உரிமம் ஒன்றும் எடுக்க வேண்டும்.

படகுத்துறையில் ஈயக்குண்டு பறக்கிறது, தங்கூசி அதன் பின்னால் ஓடுகிறது. அங்கே உங்களுக்கு வேண்டியது ஃபிளை தூண்டில், அதாவது பொய்ப் பூச்சியை வீசிப் பிடிக்கும் முறை. அதில் இது அப்படியே தலைகீழ். முள்ளில் நூலும் இறகும் சுற்றிக் கட்டிய அந்தப் பொய்ப் பூச்சி, ஊதினால் பறந்துவிடும். கனமெல்லாம் தடித்த நரம்பில் இருக்கிறது. நீங்கள் வீசுவது நரம்பை. பூச்சி சும்மா கூடவே போகிறது. கோலைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி, நரம்பு முதுகுக்குப் பின்னால் முழுக்க நீளும்வரை பொறுத்து, அப்புறம்தான் முன்னால் வீச வேண்டும். அந்தப் பொறுமைதான் நமக்கு லேசில் வராது.

அங் மோ கியோவில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்துத் திடலில் மூன்று மாதம் பழகினேன். முள் கிடையாது, நுனியில் சிவப்புக் கம்பளி நூல் முடிச்சு மட்டும். சைக்கிளில் வந்த ஒரு பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அங்கிள், இங்க மீனே இல்லையே" என்று பரிதாபப்பட்டான். அவசரப்பட்டு வீசினால் சாட்டை சொடுக்கியது போல் சத்தம் கேட்கும். முள் கட்டியிருந்தால், பூச்சி அறுந்து போயிற்று என்று அதற்கு அர்த்தம். அந்தச் சத்தம் நிற்கும்வரை விமானம் ஏறாதீர்கள்.

ஆனால் ஸ்மோக்கி ஓடையில் நான் போய் நின்றபோது பழகியதில் பாதி உதவவில்லை. ஓடை எங்கள் வீட்டு வரவேற்பறை அகலம்கூட இல்லை. இரு கரையிலும் ரோடோடென்ட்ரான் புதர் வளர்ந்து மேலே கூரை போட்டிருந்தது. பின்னால் வீச இடம் ஏது? முதல் மணி நேரத்தில் நான்கு பூச்சிகளைக் கிளைகளுக்குக் காணிக்கை கொடுத்தேன். அப்புறம் அங்கிருந்த ஒரு பெரியவர் கவட்டை முறையைக் காட்டினார். பூச்சியை முள்ளின் வளைவில் பிடித்து (நுனி விரலுக்கு வெளியே இருக்கட்டும், எனக்குத் தழும்பு இருக்கிறது) கோல் வளையும்வரை இழுத்துவிட வேண்டும். பத்தடி, பதினைந்தடி போகும். அங்கே அது தாராளம்.

மீன் நீரோட்டத்தை எதிர்த்து, முகத்தை மேல்பக்கம் வைத்து நிற்கும். இரை வருவது அந்தப் பக்கமிருந்துதான். அதனால் கீழிருந்து மேலாக, பின்பக்கமாகப் போங்கள். நான் வெள்ளை டி-சட்டையோடு நேராக ஒரு மடுவின் விளிம்பில் போய் நின்றேன். மூன்று நிழல்கள் கல்லுக்கடியில் ஒளிந்தன, அரை மணி நேரமாகியும் வெளியே வரவில்லை. அடுத்த மடுவில் மண்டியிட்டேன். முழங்கால் என்ன சொன்னது என்பதை இங்கே எழுத முடியாது. பூச்சி நுரையோரம் விழுந்து இரண்டு நொடி மிதந்தது. அடியிலிருந்து முதலில் தெரிந்தது மீன் அல்ல, துடுப்பின் ஓரத்து வெள்ளைக் கோடு. அந்த வெள்ளை விளிம்புதான் புரூக் டிரவுட்டின் அடையாளம். கையில் எடுத்துப் பார்த்தால் முதுகெங்கும் புழு நெளிந்தது போன்ற கோலம், விலாவில் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளிகளால்தானோ என்னவோ அந்த ஊர்க்காரர்கள் 'ஸ்பெக்' என்கிறார்கள்.

பூச்சி ஓடும் நீரின் வேகத்திலேயே மிதக்க வேண்டும். நடு ஓட்டம் நரம்பை இழுத்தால் பூச்சி நீரில் கோடு கிழித்துக்கொண்டு போகும், மீன் திரும்பிக்கூடப் பார்க்காது. கோலை உயர்த்தி, நரம்பைத் தண்ணீரில் படாமல் பிடியுங்கள். எந்தப் பூச்சி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஓடைகளில் இரை குறைவு, மீனுக்குப் பசி அதிகம். 14ஆம் எண் அளவில் ஆடம்ஸ் அல்லது எல்க் ஹேர் கேடிஸ் என்ற பொய்ப் பூச்சி போதும். ஏழரை அடியில், மெல்லிய நரம்புக்கான 3ஆம் எண் கோல் ஒன்றை மகனையே வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், மலையில் மேலே ஏறுங்கள். ஒரு காலத்தில் மரம் வெட்டி ஓடைகளைக் கெடுத்தார்கள். பிறகு வெளியிலிருந்து ரெயின்போ, பிரவுன் டிரவுட்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். மண்ணின் மீன் பெரும்பாலும் 3,000 அடிக்கு மேலே ஒதுங்கிவிட்டது.

கேள்வி: என் கணவர் மலேசியா வரை போய் மீன் பிடித்து, படம் எடுத்துவிட்டு திரும்ப ஆற்றில் விட்டுவிடுகிறார். குழம்புக்கு ஆகாத மீனுக்கு எதற்கு இந்தச் செலவு?
- வாசகி, தெம்பனிஸ்

பதில்: அம்மா, என் வீட்டிலும் இதே கேள்விதான். விடுவதே புண்ணியம் என்று நான் சொல்லமாட்டேன். ஸ்மோக்கியில் ஏழு அங்குலத்துக்கு மேலிருந்தால் ஒரு நாளைக்கு ஐந்து வரை எடுத்துப்போகலாம். ஆனால் அந்தச் சின்ன ஓடையில் ஆறு அங்குல மீனே முட்டையிடும் தாயாக இருக்கும். நான் விட்டுவிட்டேன். உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள்: மீனைத் தொடுமுன் கையை நனைக்க வேண்டும். உலர்ந்த கை அதன் மேல் வழவழப்பை உரித்துவிடும். படத்துக்காகப் புல்லில் போட்டு வைக்கவும் கூடாது. அதைச் செய்யாதவருக்கு நீங்கள் குழம்பு வைக்கச் சொல்வதே சரி.

கேள்வி: சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் டிரவுட் விட்டு வளர்த்தால் என்ன?
- மாணவர், ஜூரோங்

பதில்: வெந்துவிடும், தம்பி. நம் தண்ணீர் 30 டிகிரியை ஒட்டி இருக்கிறது, புரூக் டிரவுட்டுக்கு 20 தாண்டினாலே திணறல். 10 டிகிரி நீர் ஒரு லிட்டரில் 11 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். ஃபிளை பழக ஆசையா? மீன்பிடிக்க அனுமதித்த நீர்த்தேக்கக் கரைகளில் பீகாக் பாஸ் இருக்கிறது. அதுவும் வெளியூர்க் குடியேறிதான், ஆனால் நம் வெயில் அதற்குப் பிடித்துப்போயிற்று. செயற்கை இரை மட்டும், அறிவிப்புப் பலகை அனுமதிக்கும் இடத்தில் மட்டும்.

கேள்வி: ஊட்டியில் டிரவுட் உண்டாமே?
- வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: உண்டு, ஆனால் அது ரெயின்போ. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது. அவலாஞ்சியில் 1907இல் தொடங்கிய மீன் பண்ணை இருக்கிறது. தூண்டில் போடுமுன் அனுமதிச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.